தோள் மாற்ற ஆள் வேண்டும்

சின்ன காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் பொதுவாக மூன்று காரியங்களுக்காக வருகிறார்கள். வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வருகிறார்கள்; கல்யாணப் புடவை எடுக்க வருகிறார்கள்; பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு, அதுவரையில் தங்கள் தலையிலும் தோளிலும் விழுந்த பல்லிகளின் கணக்கையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துக்கொள்ள வருகிறார்கள். 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி தொடங்கி 48 நாள், அத்தி வரதர் அனந்தசரஸ் திருக்குளத்தை விட்டு வெளியே எழுந்தருளியிருந்தாரே, அப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார எங்களுக்கே இடம் கிடைக்கவில்லை. அதற்காக நாங்கள் வருத்தப்படவும் இல்லை. 40 வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற காரியம் அல்லவா?

ஆனால் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஓர் அரை மணி நேரம் சும்மா நின்று பார்க்கிறவர்களுக்கு நாலாவது கூட்டம் ஒன்றும் கண்ணில் படும். இவர்கள் புடவைக் கடைத் தரகர்களின் பக்கம் திரும்புவதில்லை. தரகர்களும், பாவம், இவர்களைக் கூப்பிடுவதில்லை. ஒருவர் தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பார். கூட வந்த அம்மாளின் மடியில் ஒரு துணிப்பை இருக்கும். அதிலிருந்து எக்ஸ்ரே உறையின் முனை எட்டிப் பார்க்கும். "காரைப்பேட்டைக்கு எந்த பஸ்?" என்று மெல்லிய குரலில் விசாரிப்பார்கள்.

காரைப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அது அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கியது. அண்ணா எங்கள் ஊர்க்காரர். 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குலத்தில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. 1968-இல் அவரை நியூயார்க் வரையில் அழைத்துப் போய் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். முதல் மந்திரியாக இருந்தவர்; ராஜ்யமே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. ஆயினும் 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அவர் காலமானார். மன்னனுக்கும் மற்றவனுக்கும் இந்த வியாதி ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது.

வியாதியைத் தீர்க்க முடிந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ ஆயிரம் பேர் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்கள். தீர்க்க முடியாது என்று தெரிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றித்தான் என் கவலை. அனுப்பிய டாக்டருடைய வேலை அன்றோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுடைய வேலை அன்றுதான் ஆரம்பமாகிறது.

என் பெரியப்பா அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர்.

பெரியப்பா கோர்வைத் தறியில் நெய்தவர். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் இருந்து, ஒன்றோடு ஒன்று பல் கோர்த்ததுபோல் சேருகிற புடவைதான் கோர்வைப் புடவை. அதை ஒருவர் தனியாக நெய்வது கஷ்டம். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து மறு கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா சிறு பையனாக இருந்தபோது தம் தகப்பனாருக்கு அந்த ஆளாக உட்கார்ந்தார். பிறகு அவருடைய பையன் அவருக்கு அந்த ஆளாக உட்கார்ந்தான். இந்த ஐம்பது வருஷத்துக்கும் துணையாக அவர் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருந்தன. தறிக் குழியில் கால் மரத்துப் போகும்போது வாயாவது விழித்திருக்க வேண்டாமா என்பார்.

கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்தது. கத்தி வைத்தார்கள், கதிர் வைத்தார்கள், மருந்தை ரத்தத்தில் ஏற்றினார்கள். ஒரு வருஷம் கழித்துப் புண் வெளிப்புறமாகவே திறந்துகொண்டது. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் (பெயர் எதற்கு?) காகிதங்களைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "இனிமேல் இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

முதல் பத்து நாள் வீடு நரகமாக இருந்தது. வலியைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; வலி இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வந்தது நாற்றம். ஆறாத புண்ணில் கிருமிகள் சேர்ந்தால் ஒரு வாடை கிளம்பும். அது முதலில் கூடத்தை நிறைத்தது, பிறகு திண்ணையை, பிறகு தெருவில் இரண்டு வீட்டுத் தூரத்தை. ஊதுவத்தி கொளுத்தினோம். அதனால் ஊதுவத்தி வாடை என்றாலே இன்று வரையில் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. தினமும் திண்ணைக்கு வந்து பேப்பர் படித்துக் காட்டிய அண்டை வீட்டுக்காரர் வருவதை நிறுத்தினார். பேரக் குழந்தைகளைப் பின்கட்டிலேயே இருத்தினார்கள். "ஒட்டிக்கொள்ளுமாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற வியாதி அல்ல என்பது ஆரம்பப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம். பெரியப்பா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தாமாகவே கட்டிலை இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போட்டுக்கொண்டார். மாடு விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. கொட்டகை மட்டும் இருந்தது.

இந்த நிலைமையில்தான் அந்தச் செவிலிப் பெண் வந்தாள்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுக்கிற திட்டம் என்றுதான் பெரும்பாலோர் அதை அறிவார்கள். அதற்குள்ளே இன்னொரு சிறிய பகுதியும் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஒரு செவிலி வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அது. 'நோய் ஆதரவுச் சேவை' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சர்க்கார் தமிழில் நான் அடிக்கடி குற்றம் கண்டுபிடிக்கிறவன். இந்த 'ஆதரவு' என்ற சொல்லில் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலீஷ்காரர்கள் இதற்கு 'பாலியேடிவ்' என்று சொல்கிறார்கள். 'பாலியம்' என்றால் லத்தீன் பாஷையில் மேலே போர்த்திக்கொள்ளும் வஸ்திரமாம். துணி நெய்கிற ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டதும் ஒரு சந்தோஷம் உண்டாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. வாசலில் செருப்பை விட்டாள். நேரே கொட்டகைக்குப் போனாள். மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "ஐயா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை. 'சாப்பிட்டாரா?' என்பதையே நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு வேலை காட்டினாள். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவ வேண்டும். பழைய பருத்தித் துணியைக் கிழித்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். வீடு முழுவதும் பட்டு இருந்தது. அது ஒன்றுக்கும் உதவவில்லை. பெரியப்பாவின் பழைய நாலு முழ வேட்டிதான் உதவிற்று. பிறகு மெட்ரோனிடசோல் என்ற சாதாரண மாத்திரை. வயிற்றுப் போக்குக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரை. அதை நன்றாகப் பொடி செய்து, கழுவிய புண்ணின் மேல் தூவச் சொன்னாள். அம்மியில் அரைக்கிற கைக்கு இது ஒரு வேலையா? பெரியம்மா சின்னக் கல்லுரல் ஒன்றை அதற்கென்று ஒதுக்கினாள்.

நாலைந்து நாளில் நாற்றம் நின்றது.

மாத்திரை ஒன்றுக்கு ஆன செலவு ஒரு கோப்பைக் காப்பிக்கு ஆவதைவிடக் குறைவு. அந்தக் காசில் எங்களுக்குக் கிடைத்தது என்ன? கட்டில் கொட்டகையிலிருந்து கூடத்துக்கு வந்தது. தறிக்குப் பக்கத்திலேயே போட்டோம். பேரன் சிலேட்டை எடுத்துக்கொண்டு தாத்தாவின் காலடியில் வந்து உட்கார்ந்தான். அண்டை வீட்டுக்காரர் ஒரு நாள் தெருவில் நின்றபடி தலையை நீட்டிப் பார்த்தார். மறுநாள் பேப்பரோடு வந்தார். எவரும் எவரையும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் படித்தார். இவர் பாட்டுக்குக் கேட்டார்.

இனி வலியைப் பற்றிச் சொல்கிறேன். செவிலி பெரியப்பாவின் முன்னால் தன் பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, "வலி எத்தனை விரல்?" என்று கேட்டாள். அவர் எட்டு விரல் காட்டினார். அவளே ஒரு டாக்டரிடம் சீட்டுக்கு ஏற்பாடு செய்து, மார்பின் மாத்திரை வந்தது. வீட்டில் பெரிய ரகளை! "அபினா கொடுக்கப் போகிறீர்கள்?" என்றார் என் சிற்றப்பா. அவர் கேட்டதில் பிசகில்லை; மார்பின் அபினிலிருந்து எடுக்கிற மருந்துதான். காஜிப்பூரிலும் நீமச்சிலும் இந்திய சர்க்காருடைய ஆலைகளில் அபினைப் பக்குவம் செய்கிறார்கள். நம் தேசத்து அபின் கப்பலேறி அயல் தேசத்து நோயாளிகளின் வலியைத் தீர்க்கப் போயிற்று. நம் நோயாளிகளோ சுவரில் தலையை முட்டிக்கொண்டார்கள். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழே ஓர் ஆஸ்பத்திரி இந்த மருந்தை வாங்கி வைக்க வேண்டுமானால் பல இலாகாக்களிடமிருந்து பல லைசென்ஸுகள் பெற வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கள்ளக் கடத்தல்காரர்கள் லைசென்ஸுக்குக் காத்திருப்பதில்லையாதலால் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. 2014-இல்தான் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒரே அனுமதி போதும் என்று ஆக்கிற்று.

போதைக்கு அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும், இது சாவுக்கு முந்தின மருந்து என்றெல்லாம் பயங்கள் உண்டு. வலிக்குத் தக்க அளவில், சிறிய அளவில் ஆரம்பித்து, தெரிந்தவர்கள் பார்வையில் கொடுத்தால் இவை நேர்வதில்லை என்பது உலகமெங்கும் அநுபவத்தில் கண்ட விஷயம். வலி வந்து துடிக்கிற வரையில் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதில் ரகசியம். ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற மாது செவிலியாக இருந்து, பிறகு இதற்காகவே டாக்டருக்கும் படித்து, 1967-இல் லண்டனில் ஸெயிண்ட் கிறிஸ்டபர் என்ற நிலையத்தை ஏற்படுத்தி இதை உலகத்துக்குக் காட்டினார். எங்கள் வீட்டில் காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று கணக்கு. இரவு பத்து மணிக்கு இரட்டை அளவு. அதனால் நடுநிசியில் எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே வேறு மருந்து. விழுங்க முடியாதாகையால் எல்லாவற்றையும் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் விட வேண்டும். அதற்கு வேறொரு சின்ன உரல். பெரியம்மா எழுத்து வாசனை அறியாதவள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இடத்தில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டாள். ஒரு வேளை கூடத் தவறவில்லை.

மூன்றாம் நாள் எட்டு விரல் மூன்று விரலாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை.

செவிலி மருந்தைக் கூட்டவில்லை. "இந்த மூணு எதனால, ஐயா?" என்று கேட்டாள். ஸாண்டர்ஸ் அம்மையார் இதற்கு 'முழு வலி' என்று ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். தேகத்தின் வலி ஒரு பங்கு. மனத்தின் வலி, பணத்தின் வலி, மானத்தின் வலி எல்லாம் மற்றப் பங்குகள். பெரியப்பாவுக்குப் பேச்சுக் குழறியதால் பேரனின் சிலேட்டை வாங்கி எழுதினார். "முன்பணம்" என்று ஒரே வார்த்தை.

காஞ்சிபுரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியாது. பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளியிடம் நெசவாளி கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முன்பணம் வாங்குவான். வாங்கியது தீருகிற வரையில் வேறு முதலாளிக்குப் போக முடியாது. தகப்பன் வாங்கியது சில சமயம் பிள்ளைக்கு வரும். பெரியப்பா தம் தகப்பனார் பாக்கியைத் தாமே நெய்து தீர்த்தவர். தம் பாக்கி பையன் தலையில் விழப் போகிறதே என்பதுதான் அந்த மூன்று விரல்.

அதே சமயத்தில் பையனும் சிற்றப்பாவும் பின்கட்டில் வேறு யோசனை செய்துகொண்டிருந்தார்கள். இன்னொரு ஊரில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி. புதிய மருந்து ஒன்று. வீட்டை அடகு வைத்தால் கிடைக்கும் தொகை அதற்குச் சரியாக இருக்கும். பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். நம் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். வியாதி யாருக்கோ அவருக்கு மட்டும் வியாதியின் பெயர் தெரியக்கூடாது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் தறிக்கு முன்னால் ஐம்பது வருஷம் உட்கார்ந்து, ஓசையைக் கேட்டே இழை அறுந்ததைச் சொல்லிவிடுகிற ஒரு மனிதருக்கு, வீட்டில் இருப்பவர்கள் திடீரென்று தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தால் விஷயம் தெரியாமலா போகும்?

செவிலி யாரையும் கண்டிக்கவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், அவருக்கு என்ன தெரியும்னு நான் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று அனுமதி கேட்டாள். பையன் வெகு நேரம் பேசாமலிருந்து தலையை அசைத்தான். அவள் கேட்டாள். பெரியப்பா சிலேட்டை வாங்கி நிதானமாக எழுதினார்: "வைகாசி தாண்டாது. உங்களுக்கு எப்போது தெரியும்?"

படித்ததும் பையன் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு அழுதான். பெரியப்பா ஒரு கையை நீட்டி அவன் தலையில் வைத்துக்கொண்டு, மறு கையால் சிலேட்டைத் துடைத்து மறுபடியும் எழுதினார். வீட்டை அடகு வைக்கக்கூடாது. முதலாளியைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். கணக்கைத் தாம் இருக்கும்போதே பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

முதலாளி வந்தார். அரை மணி நேரம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். முதலாளி வட்டியில்லாமல் ஒரு பகுதியைத் தள்ளினார். மீதிக்கு ஒரு பழைய தறியை எடுத்துக்கொண்டார். இது தர்மமா வியாபாரமா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. என் அபிப்பிராயம் இரண்டும் என்பது. அன்று சாயங்காலம் செவிலி கேட்டபோது பெரியப்பா ஒரு விரல் காட்டினார்.

* * *

நிற்க. இந்தப் பெண் வாரத்துக்கு ஒரு முறை வந்தாள். சில சமயம் பத்து நாளும் ஆயிற்று. அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவள் ஒருத்திக்கு எத்தனை தெரு, எத்தனை வீடு! வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் சர்க்கார் பார்த்துக்கொண்டால், பாக்கி 167 மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினவர்கள் நம் அயல் நாட்டார் மலையாளிகள். 1993-இல் கோழிக்கோடு மெடிகல் காலேஜில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து, வலி தணிப்பதற்காக ஒரு சங்கத்தைச் சிறிய அளவில் ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்தது. ஆனால் வர முடியாத நிலையில் வீட்டில் கிடப்பவர்கள் வருகிறவர்களைவிட அதிகம் என்று சீக்கிரத்திலேயே கண்டார்கள். ஆகவே மலப்புரம் ஜில்லாவில் தெருத் தெருவாகத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். பீடித் தொழிலாளி, பள்ளிக்கூட வாத்தியார், ஆட்டோக்காரர், காலேஜ் பையன் எல்லோருக்கும் 16 மணி நேரம் பாடம். பிறகு நாலு நாள் அநுபவம் உள்ளவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். அவ்வளவுதான். கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறையாகப் பணம் சேர்த்தார்கள். டாக்டரும் செவிலியும் வந்து போவார்கள்; இடைப்பட்ட நாட்களைத் தெரு பார்த்துக்கொள்ளும். யார் வீட்டில் அரிசி இல்லை, யார் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது என்பதும் அவர்கள் கணக்கில் வரும். இதைப் பார்த்துத்தான் 2008-இல் கேரள சர்க்கார் இதையே தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டு, பஞ்சாயத்துக்களின் பொறுப்பில் செவிலிகளை வைத்தது. அங்கே தெரு முதலில் எழுந்தது. சர்க்கார் பின்னால் வந்தது. நம் நாட்டில் சர்க்கார் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. தெரு இன்னும் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

இறங்க முடியாதவர்கள் அல்ல நாம். வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் கருட சேவையன்று விடியற்காலையில் வரதர் கோபுர வாசலைத் தாண்டி, கங்கைகொண்டான் மண்டபம் வரையில் எழுந்தருளுகிறார். அவ்வளவு பாரத்தை அவ்வளவு தூரம் தாங்குகிறவர்களை ஸ்ரீபாதம் தாங்கிகள் என்கிறோம். யாராவது ஒருவர் மட்டும் ஆரம்பம் முதல் முடிவு வரையில் தாங்குகிறாரா? தோள் கன்றிப் போவதற்குள் இன்னொருவர் வந்து முட்டுக் கொடுத்துத் தோளை மாற்றிக்கொள்கிறார். வாகனம் அசைவதில்லை; பார்க்கிறவர்களுக்கு மாறினதே தெரிவதில்லை. இந்த வித்தையைப் பரம்பரையாக அறிந்த ஊரில், ஒரு பெரியம்மா மூன்று மாதம் தூக்கமில்லாமல் ஒற்றைத் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறாள்!

எங்கள் தெருவில் கொஞ்சம் தோள் மாற்றினார்கள்; அதையும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் படிக்கிற அண்டை வீட்டுக்காரர் சாயங்காலம் ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் தாம் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிப் பெரியம்மாவைப் படுக்க அனுப்பினார். ஆறு மணி மருந்தை அவரே குழாயில் விடக் கற்றுக்கொண்டார். முதல் நாள் கை நடுங்கிற்று. ரிடயரான தாசில்தார் கை! எதிர் வீட்டுப் பெண் துணிகளை வாங்கிப் போய் வேகவைத்து உலர்த்திக் கொண்டு வந்தாள். தெருக்கோடி இட்லிக் கடைக்காரர் குழந்தைகளுக்கு மந்தாரை இலையில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கணக்கே எழுதவில்லை. இதெல்லாம் யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. நாற்றம் நின்றதும் வழி திறந்தது. அது நிற்காதிருந்தால்? செவிலி இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால்? நல்ல மனம் இருந்து என்ன பயன்? அதை உபயோகிக்கிற விதத்தை யாராவது காட்ட வேண்டியிருக்கிறது. 16 மணி நேரப் பாடத்துக்கு நம் ஊரில் இடமா இல்லை? ஒரு சத்திரத்துக் கூடம் போதும்.

சித்திரை மாதக் கடைசியில் பெரியப்பா தூங்கும் நேரம் அதிகமாயிற்று. தறியை நிறுத்திவிடலாமா என்று பையன் கேட்டதற்கு வேண்டாம் என்று கையை அசைத்தார். பேரன்தான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான், பள்ளிக்கூடம் விடுமுறை. நடுவில் ஒரு நாள் பெரியப்பா கண்ணைத் திறக்காமலே இடது கையைத் தூக்கினார். பையன் நிறுத்திப் பார்த்தான். இடது கரையில் ஓர் இழை அறுந்திருந்தது.

அதற்கு ஆறாம் நாள், மாலை மருந்து வேளைக்குப் பிறகு, அண்டை வீட்டுக்காரர் பேப்பரில் மழைச் செய்தி படித்துக்கொண்டிருக்கையில், மூச்சு இடைவெளி விட்டு இடைவெளி விட்டு வந்து நின்றது. அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. ஓட வேண்டாம் என்று செவிலி முன்பே எங்கள் எல்லோருக்கும் விளக்கியிருந்தாள். எழுந்து போய்ப் பெரியம்மாவை எழுப்பினார்.

பதின்மூன்று நாள் கழிந்து செவிலி மறுபடியும் வந்தாள். நோயாளி போன வீட்டுக்கு வருவதும் இந்த வேலையில் ஒரு பகுதி என்று சொன்னாள். மிச்சமிருந்த மார்பின் மாத்திரைகளை எண்ணி, தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் நாள் பெரியப்பாவிடம் கேட்ட கேள்வியையே கேட்டாள்: "ராத்திரி தூங்குறீங்களாம்மா?"

"தூக்கம் வருதுடி, பெண்ணே. ஆனா பத்து மணி அடிச்சா மட்டும் கை உரலைத் தேடுது" என்றாள் பெரியம்மா.